அராவின கிரவுன் நாக்கில கரகரண்டு தட்டுது, கழட்டத்தான் வேணுமா?

வெள்ளவத்தையில இருந்து ஒரு டீச்சர் எழுதியிருக்கிறா, வயசு 46. கீழ் இடது பக்கக் கொடுப்புப் பல்லுக்கு ரூட் கனால் செய்து, மூண்டு மாசத்துக்கு முன்னால போசலின் கிரவுன் போட்டிருக்கிறா, அதாவது பல்லை முழுசா மூடுற தொப்பி, உள்ளுக்க மெட்டல், மேல போசலின். ஒட்டின அண்டைக்குக் கடிக்கேக்க உயரமாத் தட்டினதால டொக்டர் வாயுக்குள்ளயே வச்சு மேற்பக்கத்தை அராவி விட்டிருக்கிறார். அதுக்குப் பிறகு கடி சரி, ஆனா அராவின இடம் நாக்குக்குக் கரகரண்டு தட்டுதாம், தேத்தண்ணிக் கறை அந்த இடத்தில மட்டும் பிடிக்குதாம், ப்ரஷ் பண்ணினாலும் போகுதில்லையாம். இப்ப ரெண்டு கிழமையா அதுக்கு நேர மேல இருக்கிற சொந்தப் பல்லு ஐஸ் தண்ணிக்குக் கூசத் தொடங்கியிருக்கு. டொக்டரிட்ட போன்ல சொன்னதுக்கு "பாவிக்கப் பாவிக்கத் தானா வழுவழுப்பா வந்திடும்" எண்டிருக்கிறார். கனடாவில இருக்கிற மச்சாள் "கழட்டி லாப்புக்கு அனுப்பி திரும்பக் கிளேஸ் பண்ணச் சொல்லு" எண்டுறா. ஸ்கூல்ல ஒராள் "பேசாமச் சேர்கோனியாவுக்கு மாத்துங்கோ" (மெட்டல் இல்லாத, கடினமான வெள்ளைக் கிரவுன்) எண்டுறா, இன்னொராள் "ஐயோ சேர்கோனியா மற்றப் பல்லைத் திண்டிடும்" எண்டுறா. கடைசியா அவ கேட்டது, ஒன்லைன்ல பல்லு பொலிஷ் பண்ணுற கிட் விக்கினமே, அதை வாங்கி நானே செய்தா என்ன?

டீச்சர், முடிவை முதல் சொல்லிடுறன், காரணத்தைப் பிறகு ஆறுதலாச் சொல்லுறன். கிரவுனைக் கழட்டத் தேவையில்லை. தானா வழுவழுப்பா வரும் எண்டு விட்டுட்டு இருக்கவும் வேண்டாம். அதே டொக்டரிட்டயே நேர போய் கடியை ஒருக்காத் திரும்பப் பாத்து, அராவின இடத்தை வாயுக்குள்ளயே வடிவா பொலிஷ் பண்ணித் தரச் சொல்லிக் கேளுங்க, அதோட மேல் பல்லையும் ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாக்கச் சொல்லுங்க. ஸ்கூல் லீவு வரட்டும் எண்டு பிற்போடாதீங்க, இந்தக் கிழமைக்குள்ள போங்க, ஏனெண்டா இதில தேஞ்சுகொண்டு போறது காசு குடுத்துப் போட்ட கிரவுன் இல்லை, உங்கட சொந்தப் பல்லு.

லாப்பில அந்தக் கிரவுன் எப்பிடி உருவாகுது எண்டு தெரிஞ்சா மற்றதெல்லாம் விளங்கும். முதல்ல மெட்டலில ஒரு மெல்லிய தொப்பி வாக்கிறது, அநேகமா அரை மில்லிமீற்றருக்கு உள்ள. அதுக்கு மேல மெட்டலின்ர கறுப்பு வெளிய தெரியாமல் மறைக்க ஒப்பேக் எண்டு ஒரு படை. பிறகுதான் பல்லுக் கலரில போசலின் பவுடரைக் குழைச்சு, தூரிகையால கொஞ்சம் கொஞ்சமா வச்சு உருவம் எடுத்து, பேர்னஸில 900 டிகிரி செல்சியஸுக்குக் கிட்டச் சூட்டில சுடுறது. சுடேக்க அது சுருங்கும், திரும்ப வச்சுத் திரும்பச் சுடுவினம். எல்லா உருவமும் சரி எண்டாப் பிறகு போடுற கடைசிச் சூடுதான் கிளேஸ், ஒண்டில் அந்தப் போசலின்ர மேற்பரப்பே லேசா உருகி மினுக்கம் வரும், இல்லாட்டி கிளேஸ் எண்டு தனியா ஒரு கண்ணாடிப் பூச்சைப் பூசிச் சுடுவினம். மெட்டலோட போசலினைச் சேத்துச் சுடுற முறைக்கு அமெரிக்காவில 1962ல பேட்டன்ட் குடுத்த காலத்தில இருந்து இண்டைக்கு வரைக்கும் அடிப்படை இதுதான். அந்தக் கண்ணாடித் தோலின்ர தடிப்பு ஒரு மில்லிமீற்றரில பத்தில ஒரு பங்குகூட வராது. உங்கட கிரவுன் வந்த அண்டைக்குப் பளபளண்டு இருந்ததே, அது அந்தத் தோலால வந்த பளபளப்பு.

டொக்டர் உயரமான இடத்தை டயமண்ட் பர்ரால, அதாவது டயமண்ட் துகள் பதிச்ச அராவுற முனையால, தொட்ட உடன முதல்ல போறது அந்தத் தோல்தான். அதுக்குக் கீழ இருக்கிற போசலின்ல, எவ்வளவு கவனமாச் சுட்டாலும் நுண்ணிய காத்துக் குமிழ்கள் கொஞ்சம் இருக்கும், பர் அதுகளை வெட்டித் திறந்து விட்டிடும், அதோட டயமண்ட் துகள்கள் போன தடம் கோடு கோடா நிக்கும், பத்தாக்குறைக்குப் போசலினுக்குள்ள இருக்கிற லியூசைட் எண்ட படிகங்கள் வேற அங்கங்க முழிச்சுக்கொண்டு நிக்கும். கண்ணுக்கு அது வெறும் மங்கல் இடமாத் தெரியும், நாக்கு ஏமாறாது. ரெண்டு மேற்பரப்புக்கு இடையில அரை மைக்ரோன் (ஒரு மைக்ரோன் எண்டா ஒரு மில்லிமீற்றரில ஆயிரத்தில ஒரு பங்கு) வித்தியாசம் இருந்தாலே நாக்கு கண்டுபிடிச்சிடும் எண்டு ஆக்களை வச்சுச் சோதிச்சுப் பாத்திருக்கினம், ஒரு தலைமயிரின்ர தடிப்பு எழுபது மைக்ரோனுக்குக் கிட்ட எண்டு யோசிச்சா அது எவ்வளவு சின்னது எண்டு விளங்கும். அதால "உங்கட மனப்பிரமை" எண்டு ஆரும் சொன்னா நம்பாதீங்க, உங்கட நாக்கு சொல்லுறது சரி.

கறை பிடிக்கிறதும் அதாலதான். கிருமிப் படலம் ஒட்டுறதுக்கு 0.2 மைக்ரோன் கரடுதான் எல்லை, அதுக்கு மேல கரடாகக் கரடாக ஒட்டுறது கூடிக்கொண்டு போகும் எண்டு 1997ல ஒரு ஆய்வுத் தொகுப்பு வந்தது, இண்டைக்கும் பல் வைத்தியத்தில எல்லாரும் எடுத்துக் காட்டுற கணக்கு அது. தேத்தண்ணிச் சாயம் அந்தக் கோடுகளுக்குள்ள போய் இருந்தா ப்ரஷ்ஷின்ர மயிர் அதுக்குள்ள இறங்காது. நீங்க எவ்வளவு அழுத்தித் தேச்சாலும் முரசுதான் புண்ணாகும்.

ஆனா நான் பயப்படுறது கறைக்கு இல்லை. எங்கட வீடுகளில அம்மி தேஞ்சு வழுக்கத் தொடங்கினா ஆளைக் கூப்பிட்டுக் கொத்திறது எதுக்கு? வடிவா அரைபட வேணும் எண்டுதானே. அராவிப்போட்டுப் பொலிஷ் பண்ணாம விட்ட போசலின் கொத்தின அம்மி, அதுக்கு நேர மேல இருக்கிற உங்கட பல்லின்ர எனாமல், அதாவது வெளிப்பக்கக் கெட்டிப் படைதான், அதில அரைபடுற சாமான். ஒவ்வொரு வாய் சோத்துக்கும், ஒவ்வொரு தரம் எச்சில் விழுங்கேக்கயும் அது உரசிக்கொண்டே இருக்கு. கொடுப்புப் பல்லின்ர முனையில எனாமல் ஆகக் கூடினாலும் ரெண்டரை மில்லிமீற்றர் அளவுதான். எனாமலோட எனாமல் உரசினா கொடுப்புப் பல்லு வருசத்துக்குச் சுமார் 30 மைக்ரோன் தேயும், அந்தக் கணக்கில ஒரு மில்லிமீற்றர் போக முப்பது வருசத்துக்கு மேல எடுக்கும், அதாவது இயற்கையா விட்டா வாழ்நாளுக்குக் காணும். கரடான போசலினோட உரச விட்டா அந்தக் கணக்குக் குழம்பிடும். போன எனாமல் திரும்ப வளரவும் மாட்டுது.

"பாவிக்கப் பாவிக்கத் தானா வரும்" எண்டதில ஒரு துளி உண்மை இருக்கு, அதை மறுக்கேல்லை. கூரா நிக்கிற முனைகள் நாள்பட மழுங்கும். ஆனா எதில உரசி மழுங்குது? உங்கட மேல் பல்லில. நாற்காலியில வச்சுக் கால் மணித்தியாலத்தில ரப்பர் பொயின்ட்டால செய்யக்கூடிய ஒரு வேலையை, ஒருத்தற்ற எனாமலைச் செலவழிச்சு மாசக்கணக்கில செய்விக்கிறதை என்னால ஏற்க ஏலாது. அந்த டொக்டரைக் குறை சொல்லுறதுக்காக இதை எழுதேல்லை. கிரவுன் ஒட்டுற அப்பொயின்ட்மென்ட்ல கடைசி அஞ்சு நிமிசம் எல்லா கிளினிக்கிலயும் அவசரம்தான், வெளிய ஆக்கள் காத்துக்கொண்டு இருப்பினம், கடி சரி எண்டவுடன எல்லாம் முடிஞ்ச மாதிரி இருக்கும். எங்கட தொழில்ல ஆகக் கூடத் தவறவிடுற படி இதுதான், அதாலதான் இவ்வளவு நீட்டி எழுதுறன்.

இப்ப மேல் பல்லுக் கூச்சம். கீழ்ப் பல்லுக்கு ரூட் கனால் செய்தாச்சு, அதுக்குள்ள நரம்பு இல்லை, அதால அது குளிருக்கு ஒண்டும் சொல்லாது. மேல் பல்லு உயிரோட இருக்கு, முறைப்பாடு அங்க இருந்துதான் வரும். காரணம் எனாமல் தேஞ்சதா மட்டும்தான் இருக்க வேணும் எண்டில்லை. நேர கடிக்கேக்க சரியா இருந்து, சாப்பாட்டை அரைக்கேக்க பக்கவாட்டில மட்டும் கிரவுன் தட்டுறதா இருக்கலாம், அப்பிடித் தட்டினா மேல் பல்லின்ர வேரைச் சுத்தி நோகும், கூச்சமும் வரும். ரெண்டு பல்லுக்கு இடையில ஒளிஞ்சிருக்கிற சூத்தையா இருக்கலாம், முரசு இறங்கி வேர் வெளிய தெரியிறதா இருக்கலாம், பல்லில ஒரு நுண்ணிய வெடிப்பா இருக்கலாம். நீங்க வீட்டில கவனிக்க வேண்டியது, குளிர் தண்ணி பட்டு உடன கூசி சில செக்கனில போயிடுதா, இல்லாட்டி நிமிசக்கணக்கில நிண்டு நோகுதா எண்டது. உடன போனா அவ்வளவு பயமில்லை. நிண்டு நோகுது, தேத்தண்ணி சுடச்சுடக் குடிக்கவும் நோகுது, ராவில நித்திரையைக் குழப்புது எண்டா அண்டைக்கே டொக்டரைப் பாருங்க. ஏதும் கெட்டியானதைக் கடிச்சிட்டு வாயைத் திறக்கிற அந்த நொடியில சுள்ளெண்டு வந்தா அதை மறக்காம டொக்டரிட்டச் சொல்லுங்க, வெடிப்புக்கு அப்பிடி வரும்.

பொலிஷ் எண்டா என்ன எண்டு உங்களுக்குத் தெரிஞ்சிருந்தா, செய்யிறதை விட்டுட்டுச் சும்மா ஒரு ப்ரஷ்ஷால பூசி அனுப்பினா நீங்களே கேட்பீங்க, அதால விபரமாச் சொல்லுறன். முதல் வேலை கடி. பல்லைக் காத்தடிச்சுக் காய வச்சு, ஆர்ட்டிகுலேட்டிங் பேப்பர் எண்டு மை பூசின மெல்லிய கடதாசியை, 40 மைக்ரோன் தடிப்பில வரும், ரெண்டு பல்லுக்கும் நடுவில பிடிச்சு நேர கடிக்கச் சொல்லுவினம், பிறகு இன்னொரு கலர் பேப்பரை வச்சு இடது பக்கம் வலது பக்கம் முன்னுக்கு எண்டு நாடியை ஓட்டச் சொல்லுவினம். ரெண்டு கலரும் எங்க எங்க பட்டிருக்கு எண்டதில இருந்துதான் எந்த இடம் தேவையில்லாமத் தட்டுது எண்டு தெரியும். மினுக்கமான போசலின்ல மை ஒட்டாது, பேப்பரில லேசா வாசலின் தடவினா ஒட்டும், இது தெரியாமல் "மார்க் விழேல்லை, அப்ப உயரம் இல்லை" எண்டு விடுறதும் நடக்கிறதுதான். இன்னும் நுணுக்கமாப் பாக்கிறதுக்கு 8 மைக்ரோன் தடிப்பில ஒரு உலோகத் தாள் இருக்கு, அதை நடுவில வச்சுக் கடிக்கச் சொல்லி இழுத்துப் பாப்பினம், பக்கத்துப் பல்லுகளில பிடிக்கிற அளவுக்குத்தான் கிரவுனிலயும் பிடிக்க வேணும். கடி முழுக்கச் சரி எண்டு தெரிஞ்சாப் பிறகுதான் பொலிஷ், முந்திப் பொலிஷ் பண்ணிப்போட்டுப் பிறகு அராவினா எல்லாம் வீண்.

அராவ வேண்டி வந்தா, கடைசியாத் தொடுற பர் நைஸ் பர்ரா இருக்க வேணும், டயமண்ட் பர்ரின்ர கழுத்தில கலர் வளையம் இருக்கும், பச்சை கரடு, நீலம் நடுத்தரம், சிவப்பு நைஸ், மஞ்சள் அதைவிட நைஸ். தண்ணி ஊத்திக்கொண்டுதான் அராவ வேணும். சூடு ஏறினா போசலின்ல கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் விழும், பிறகு ஒரு நாள் முறுக்குக் கடிக்கேக்க ஒரு துண்டு பேந்து வரேக்கதான் தெரியவரும்.

அதுக்குப் பிறகு ஹாண்ட்பீஸை, அதாவது பர்ரைப் பூட்டிக் கையில பிடிக்கிற கருவியை, மாத்துவினம், அந்தக் கீச்சிடுற ஹைஸ்பீட் போய், மெதுவாச் சுத்துற லோஸ்பீட் வரும். அதில பூட்டுறது ரப்பர் பொயின்ட், வெறும் ரப்பர் இல்லை, உள்ளுக்க டயமண்ட் துகள் இல்லாட்டி சிலிக்கன் காபைட் துகள் கலந்திருக்கும். இது ஒரு செட்டா வரும், அநேகமா மூண்டு, கரட்டில இருந்து நைஸுக்கு, ஒவ்வொண்டும் ஒவ்வொரு கலர். முதலாவது பர் போட்ட கோடுகளை எடுக்கும், ரெண்டாவது முதலாவது போட்ட கோடுகளை எடுக்கும், மூண்டாவது மினுக்கும். நடுவில ஒண்டைத் தாண்டினா ஆழமான கோடு அப்பிடியே அடியில இருக்க மேலால மட்டும் மினுங்கும், பாக்க நல்லா இருக்கும், நாக்குக்கு ஒரு கிழமையில திரும்பத் தெரியும். ஒவ்வொண்டுக்கும் நடுவில தண்ணியடிச்சுக் கழுவ வேணும், ஏனெண்டா முதல் பொயின்ட்டில இருந்து உதிர்ந்த கரடுத் துகள் ஒண்டு அங்க கிடந்தா அடுத்த பொயின்ட் அதை இழுத்துக்கொண்டு போய்ப் புதுக்கோடு போடும். கழுவிக் காய வச்சு, லைட்டைச் சரிவாப் பிடிச்சு, கண்ணாடியில பாத்து, மங்கல் எங்கயாவது மிச்சம் இருக்கா எண்டு தேட வேணும். ஈரத்தோட பாத்தா எந்தக் கரடும் மினுங்கும், காய வச்சாத்தான் உண்மை தெரியும்.

அழுத்தம் லேசா இருக்க வேணும், நிமிசத்துக்கு 10,000 சுத்து அளவில, பொயின்ட்டை ஒரே இடத்தில நிப்பாட்டி வைக்காம அசைச்சுக்கொண்டே. கெதியா முடிக்க எண்டு அழுத்தினா சூடுதான் ஏறும். நீங்க நாற்காலியில இருந்துகொண்டே இதைக் கவனிக்கலாம், ரப்பர் எரியிற மணம் வந்தா கையைத் தூக்குங்க. கடைசியா டயமண்ட் பேஸ்ட், சில மைக்ரோன் அளவுத் துகள் உள்ளது, அதைச் சின்ன மயிர் ப்ரஷ்ஷில இல்லாட்டி பெல்ட் (felt) எண்ட கம்பளித் துணிச் சக்கரத்தில தொட்டு, பல்லின்ர குழிகளுக்குள்ளயும் போற மாதிரிப் பிடிக்கிறது. கொடுப்புப் பல்லின்ர மேற்பக்கம் தட்டையா இல்லையே, பள்ளமும் மேடுமா இருக்கும், ரப்பர் பொயின்ட் போகாத பள்ளத்துக்கு அந்த ப்ரஷ்தான் போகும். எல்லாம் முடிஞ்சாப் பிறகு டொக்டர் ப்ரோப் எண்ட கூரான கம்பிக் கருவியின்ர நுனியை அதில இழுத்துப் பாப்பார், எங்கயும் கொழுவாமல் வழுக்கிக்கொண்டு போக வேணும். பிறகு உங்கட நாக்கைக் கேளுங்க. அவசரப்படாம, பக்கத்து இயற்கைப் பல்லில ஒருக்கா, கிரவுனில ஒருக்கா எண்டு நாக்கை ஓட்டிப் பாருங்க, வித்தியாசம் தெரிஞ்சா எழும்பாதீங்க, "இந்த இடத்தில இன்னும் இருக்கு டொக்டர்" எண்டு சொல்லுங்க. அதில வெக்கப்பட ஒண்டுமில்லை.

உங்கட மச்சாள் சொன்னதில ஞாயம் இருக்கு, ஆனா அது கிரவுனை நிரந்தரமா ஒட்டுறதுக்கு முந்திச் செய்ய வேண்டியது. ட்ரையல் பாக்கேக்கயே உயரம் தெரிஞ்சிருந்தா அராவிப்போட்டு லாப்புக்குத் திருப்பி அனுப்பிக் கிளேஸ் சுட்டு எடுத்திருக்கலாம், அது நல்ல வழி. இப்ப சீமெந்து போட்டு மூண்டு மாசம் ஆச்சு. கழட்ட வேணும் எண்டா வெட்டித்தான் எடுக்க வேண்டி வரும், வெட்டினா அந்தக் கிரவுன் குப்பைக்குத்தான், தட்டிக் கழட்டப் போனா ரூட் கனால் செய்து பலவீனமான பல்லே முறியலாம். முழுசாக் கழண்டு வந்தாலும், வாயுக்குள்ள இருந்து ஈரம் குடிச்ச போசலினைத் திரும்பப் பேர்னஸில வச்சா வெடிக்கலாம், குமிழ் கிளம்பலாம், கலர் மாறலாம். இவ்வளவு ஆபத்தும் எதுக்கு? வடிவாப் படிப்படியாப் பொலிஷ் பண்ணின போசலின் கிளேஸுக்குச் சமமா வழுவழுப்பா வரும் எண்டு ஆய்வுகூடங்களில அளந்து பாத்த கனக்க ஆய்வுகள் இருக்கு. அதோட கிளேஸும் சாகாவரம் பெற்றது இல்லை, கடி படுற இடத்தில அந்த மெல்லிய தோல் நாள்பட எப்பிடியும் தேஞ்சு போகும், அதுக்குக் கீழ இருக்கிறது பொலிஷ் பண்ணின போசலினா இருந்தா கவலையில்லை. என்ர கருத்தைக் கேட்டா, கடி படுற இடத்துக்கு நான் பொலிஷைத்தான் கூட நம்புவன்.

ரெண்டு நிலைமையில மட்டும் பொலிஷ் காணாது. அராவி அராவிப் போசலின் மெலிஞ்சு, அடியில இருக்கிற ஒப்பேக் வெள்ளையாச் சுண்ணாம்புத் திட்டாத் தெரியுது, இல்லாட்டி மெட்டலே தெரியுது எண்டா ஒண்டு. போசலின்ல வெடிப்பு ஓடியிருக்கு, துண்டு பேந்திருக்கு எண்டா மற்றது. போன்ல லைட்டைப் போட்டு வாயைத் திறந்து ஒரு போட்டோ எடுத்துப் பாருங்க, மங்கல் இடம் பல்லுக் கலரிலயே இருந்தா பயமில்லை. வேற கலரில திட்டுத் தெரிஞ்சா புதுக் கிரவுன் பற்றித்தான் கதைக்க வேணும், அப்ப அந்தச் செலவை ஆர் ஏற்கிறது எண்டதையும் டொக்டரோட முகத்துக்கு நேர கதையுங்க.

சேர்கோனியாக் கதைக்கு வாறன், ஏனெண்டா கொழும்பில இப்ப எல்லாரும் அதைத்தான் கேக்கினம். "மற்றப் பல்லைத் திண்டிடும்" எண்டு சொல்லுறவை அது கடினம் எண்டதை வச்சுச் சொல்லினம். கடினம்தான், கடினத்தை அளக்கிற விக்கர்ஸ் அளவில எனாமல் 300க்கும் 400க்கும் இடையில, சேர்கோனியா 1200க்கும் மேல. ஆனா எதிர்ப் பல்லுத் தேயிறதை முடிவு பண்ணுறதில கடினத்தைவிடக் கரடுதான் முக்கியம். நல்லாப் பொலிஷ் பண்ணின சேர்கோனியா, கிளேஸ் பூசின சேர்கோனியாவைவிட எதிர்ப் பல்லைக் குறைவாத் தேய்க்குது, பழைய போசலினைவிடவும் குறைவு, இது கேக்க ஆச்சரியமா இருக்கும், ஆனா திரும்பத் திரும்ப அளந்து கண்டது. காரணம் லேசு, சேர்கோனியாவில பூசின கிளேஸ் தேஞ்சு போனவுடன அடியில பொலிஷ் பண்ணாத கரடு வெளிய வரும், ஒருக்கா வழுவழுப்பாக்கின சேர்கோனியா கடினமா இருக்கிறபடியால அப்பிடியே வழுவழுப்பா நிக்கும். ஆனா அதையும் வாயுக்குள்ள அராவிப்போட்டுச் சும்மா விட்டா உங்கட இப்பத்தைய நிலைமைதான், இன்னும் மோசம். அதுக்கெண்டே தனி ரப்பர் பொயின்ட் இருக்கு, போசலினுக்குரியதால சேர்கோனியாவை மினுக்க ஏலாது. அதால டீச்சர், இந்தப் பிரச்சினைக்காகச் சேர்கோனியாவுக்கு மாத்தாதீங்க. பின்னொரு காலத்தில இந்தக் கிரவுன் உடைஞ்சு மாத்த வேண்டி வந்தா அப்ப யோசிக்கலாம், அப்பவும் "அராவினா பொலிஷ் பண்ணித் தருவீங்களா" எண்டதுதான் முதல் கேள்வி.

ஒன்லைன் கிட் வேண்டாம், தயவுசெய்து வேண்டாம். அதில வாற சின்ன மோட்டரும் ரப்பர் கப்பும் பவுடரும் போசலினை ஒண்டும் செய்யாது, ஆனா பக்கத்துப் பல்லின்ர எனாமலையும் முரசையும் தேய்க்கும். வைற்றனிங் டூத்பேஸ்ட், கரித்தூள், அப்பச்சோடா எதுவும் போசலின்ல விழுந்த கோடுகளை எடுக்காது. நகம் அராவுற அரத்தால ஒராள் தன்ர கிரவுனை அராவிக்கொண்டு வந்ததை நான் பாத்திருக்கிறன், அந்தக் கோடுகளை எடுக்கிறதுக்கு ரெண்டு மடங்கு நேரம் போனது. இன்னொண்டு, பல்லுக் கூசுது எண்டு போனா சில இடங்களில புளோரைட் ஜெல் பூசுவினம், அது நல்லதுதான், ஆனா அமிலம் கலந்த ஏபிஎப் எண்ட வகை போசலின் மேற்பரப்பை அரிக்கும், மினுக்கத்தை எடுத்திடும். "எனக்குப் போசலின் கிரவுன் இருக்கு, அமிலமில்லாத புளோரைட்டாப் போடுங்க" எண்டு சொல்லுங்க. அதுவரைக்கும் கூச்சத்துக்கு எண்டு விக்கிற சாதாரண டூத்பேஸ்ட்டை மெதுவான ப்ரஷ்ஷோட பாவியுங்க, ஐஸ் தண்ணியையும் தேசிக்காய்த் தண்ணியையும் கொஞ்ச நாளைக்குக் குறையுங்க, புளி எனாமலை இளக்கி விட்டா உரசல் இன்னும் கெதியாத் தேய்க்கும்.

டொக்டரிட்ட எப்பிடிக் கேக்கிறது எண்டு சங்கடப்படுவீங்க எண்டு தெரியும், எங்கட ஆக்கள் டொக்டருக்கு முன்னால வாயைத் திறக்க மாட்டினம். சண்டை பிடிக்கிற மாதிரிக் கேக்கத் தேவையில்லை. "டொக்டர், அராவின இடம் நாக்கில தட்டுது, மேல் பல்லும் கூசுது, பக்கவாட்டில கடியை ஒருக்காப் பாத்து, போசலின் பொலிஷிங் செட்டால முழுசாப் பொலிஷ் பண்ணி விடுவீங்களா?" அவ்வளவுதான். போசலின் பொலிஷிங் செட் எண்ட சொல்லைக் கட்டாயம் சொல்லுங்க, இல்லாட்டி பல்லுச் சுத்தம் செய்யிற சாதாரணப் பேஸ்ட்டைப் பூசிப்போட்டு விடக்கூடும், அது போசலினுக்குக் காணாது. தான் போட்ட கிரவுனுக்கு மூண்டு மாசத்துக்குள்ள இதைச் செய்து தர பெரும்பாலான டொக்டர்மார் காசு கேக்க மாட்டினம், அப்பொயின்ட்மென்ட் எடுக்கேக்கயே கேட்டு வையுங்க. அந்த கிளினிக்கில அந்தச் செட் இல்லை எண்டா, இல்லை எண்டு நேர சொல்லச் சொல்லுங்க, வேற ஒரு பதிவு பெற்ற பல் டொக்டரிட்ட போகலாம், வார்ட் பிளேஸில இருக்கிற தேசிய பல் வைத்தியசாலைக்கும் போகலாம், அங்க எண்டா வெள்ளனப் போங்க. எங்க போனாலும் கிரவுன் போட்ட திகதி, ரூட் கனால் எக்ஸ்ரே, கிரவுன் எந்த வகை எண்ட விபரம் மூண்டையும் கையோட கொண்டு போங்க, மெட்டல் போசலினா வேற ஏதுமா எண்டதைப் பொறுத்துத்தான் எந்த ரப்பர் பொயின்ட் எண்டு அவை முடிவெடுப்பினம்.

ராவில பல்லைக் கடிக்கிற பழக்கம் இருக்கா எண்டு வீட்டுக்காரரைக் கேட்டுப் பாருங்க, காலமை எழும்பேக்க சொக்கையோ நாடியோ இறுகி நோகுதா எண்டும் கவனியுங்க. இருந்தா அதையும் டொக்டரிட்டச் சொல்லுங்க, ராவில போட்டுக்கொண்டு படுக்க பல்லை மூடிக் காக்கிற ஒரு கார்ட் (guard) செய்து தருவினம், இல்லாட்டி எவ்வளவு மினுக்கினாலும் அந்த விசைக்கு ரெண்டு பக்கமும் தேயும். பொலிஷ் பண்ணி, கடியும் சரியாக்கினாப் பிறகு மேல் பல்லின்ர கூச்சம் ரெண்டு மூண்டு கிழமைக்குள்ள நல்லாக் குறைய வேணும். குறையேல்லை எண்டா கிரவுனைத் திரும்பத் திரும்ப அராவ விடாதீங்க, அப்ப பிரச்சினை மேல் பல்லுக்குள்ளதான், அதைத் தனியா நரம்புச் சோதனை செய்து பாக்கச் சொல்லுங்க.